ஆறாம் சுற்றில் மகன் பெயர் வந்திருக்கிறது, அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் மகன் ஐந்து வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். டிஃபென்ஸ் ஆட்டக்காரன். நவம்பரில்தான் 16 வயது ஆகும். இந்த வசந்தத்தில் நடந்த ஒன்ராறியோ ஹொக்கி லீக் ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் நிகழ்வில், வடக்கே ஒரு நகரத்து அணி அவனை ஆறாம் சுற்றில் தெரிவு செய்திருக்கிறது. வீட்டிலிருந்து காரில் நான்கு மணித்தியாலம். நானும் கணவரும் 90களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கணவருக்கு இரவு வேலை. அவர் ஊரில் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் இருந்தவர், ஆனால் அதெல்லாம் இடப்பெயர்வுக்கு முந்தின கதை. இரண்டு குடும்பத்திலும் ஐஸில் காலை வைத்தவர் ஒருவர் இல்லை. ட்ராஃப்டுக்கு முன் ஓர் அணி மகனை நேர்முகத்துக்கு அழைத்தது. பெற்றோரின் உயரம் என்ன, என்ன தொழில், குடும்பத்தில் விளையாட்டு வீரர் யாராவது உண்டா என்று கேட்டார்களாம். "ஒருவரும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவன் அன்றிரவு சாப்பிடவில்லை. எங்கள் பின்னணி அவனுக்குத் தடையா? போனால் படிப்பு என்னாகும்? முன்பின் தெரியாத வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது? பத்து வருடமாக இரண்டு பேருடைய உழைப்பும் இதில்தான் போயிருக்கிறது. இப்போது வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.
— வாசகி, மார்க்கம்

அன்பின் சகோதரிக்கு,

முதலில் ஒரு பாரத்தை இறக்கிவைத்துவிடுகிறேன். அனுப்புவதா இல்லையா என்று இந்த மாதமே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில், அதாவது ஓ.எச்.எல். இல், அணிகள் 20. ட்ராஃப்ட் 15 சுற்று. ஆண்டுதோறும் சுமார் 300 பிள்ளைகளின் பெயர் வாசிக்கப்படுகிறது. ஓர் அணி ஒரே ஆண்டில் பதினைந்து புதிய பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க முடியாது என்பது யோசித்தால் விளங்கும். அவர்கள் எடுத்திருப்பது, உங்கள் மகன் இந்த லீக்கில் ஆடுவதானால் தங்களுக்குத்தான் ஆடவேண்டும் என்கிற உரிமையை மட்டுமே. ஒப்பந்தம் தனிக் காகிதம். அதில் நீங்களும் அவனும் கையெழுத்திடும்வரை பிள்ளை உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் பள்ளி மாணவன். நடுச்சுற்றுகளில் வரும் பிள்ளைகளில் பலர் அடுத்த பருவத்தை 18 வயதுக்குட்பட்டோர் ட்ரிபிள் ஏ என்ற மேல்மட்ட அணியிலோ ஜூனியர் ஏ லீக்கிலோ ஆடிவிட்டு, பதினேழில் போகிறார்கள். சிலர் போவதே இல்லை. கோடையில் முகாமுக்கு அழைப்பு வரும். அங்கே போய்ப் பார்க்கட்டும், அவர்களும் அவனைப் பார்க்கட்டும்.

இரண்டாவதாக, அவன் பிறந்த மாதம். நீங்கள் அதை ஒரு தகவலாக எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்தின் முக்கியமான வரிகளில் ஒன்று. கனடாவில் ஹொக்கி வயதுப் பிரிவுகள் ஜனவரி முதலாம் தேதியில் வெட்டப்படுகின்றன. உங்கள் மகன் ஐந்து வயதிலிருந்தே தன்னைவிடப் பத்து மாதம் மூத்த பிள்ளைகளோடு மோதி வந்திருக்கிறான். ஏழு வயதில் பத்து மாதம் என்பது ஒரு தலை உயரம். 1980களில் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் ஒரு ஜூனியர் ஆட்டம் பார்க்கப் போயிருந்த உளவியலாளர் ரொஜர் பார்ன்ஸ்லியிடம் அவருடைய மனைவிதான் இதைக் காட்டினார். கையிலிருந்த ஆட்ட நிரலில் வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்தவர், ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்றே வருகிறதே என்று கேட்டாராம். பிறகு அவர்கள் பட்டியல் பட்டியலாக எடுத்து ஆராய்ந்தபோதும் அதே கதைதான். சிறு வயதில் பெரிய உடம்பு உள்ளவனுக்கு நல்ல அணி, நல்ல பயிற்றுநர், கூடுதல் ஐஸ் நேரம். ஆண்டுக்கு ஆண்டு அந்த இடைவெளி தானாகவே விரிகிறது. நவம்பர்ப் பிள்ளை ஒருவன் அந்த வடிகட்டியைத் தாண்டி ஆறாம் சுற்றில் வந்திருக்கிறான் என்றால், முதல் சுற்றில் வந்த ஜனவரிப் பிள்ளையோடு அவனை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

அதே நவம்பர் இனி அவனுக்கு உதவப்போகிறது. தொழில்முறை லீக்கான என்.எச்.எல். இன் ட்ராஃப்டுக்கு வெட்டு நாள் செப்டம்பர் 15. அதற்குள் 18 வயது நிறையாதவர்கள் அடுத்த ஆண்டு ட்ராஃப்டுக்குத் தள்ளப்படுகிறார்கள். மிசிசாகாவில் பிறந்த என்.எச்.எல். வீரர் ஜோன் டவாரெஸ் பிறந்தது 1990 செப்டம்பர் 20. ஐந்து நாள் பிந்தியதால் 2008இல் வரவேண்டியவர் 2009இல்தான் வந்தார், முதல் பெயராக. உங்கள் மகனுக்கும் அப்படி ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். வளர்வதற்கு, ஒரு பருவம் சரியில்லாமல் போனால் மறு பருவத்தில் சரிசெய்வதற்கு. ஆகவே அவசரப்படச் சொல்லி யார் வந்தாலும், இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வையுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். நான் வழிகாட்டு ஆசிரியர். ஒன்ராறியோப் பள்ளிகளில் இருபது ஆண்டுக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்றால் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன். அப்போது ஓ.எச்.எல். அணிக்காக ஒரே ஓர் ஆட்டம், பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டமாக இருந்தாலும் சரி, ஆடிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் கதவு சாத்திவிடும். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை வாழ்நாளுக்கும் பாதை பிரிக்க வேண்டியிருந்தது. என் அறையில் அந்த முடிவோடு போராடி அழுத பெற்றோர் உண்டு. 2024 நவம்பரில், அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்த விதியை மாற்றியது. 2025 ஓகஸ்ட் 1 முதல், உண்மையான, அவசியமான செலவுகளுக்கு மேல் பணம் வாங்காதவரை, ஓ.எச்.எல். போன்ற கனேடிய மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் அங்கே ஆடலாம். யூகொனின் வைட்ஹோர்ஸில் வளர்ந்து மெடிசின் ஹட் ஜூனியர் அணியில் ஆடிப் பெரிதாகப் பேசப்பட்ட கவின் மக்கென்னா, அந்த ஆண்டே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவ்வளவு பெரிய பெயரே அந்த வழியில் போகும்போது, உங்கள் மகனுக்கு இரண்டு கதவும் திறந்துதான் இருக்கின்றன.

ஆனால் அந்த இரண்டாவது கதவின் திறவுகோல் ஐஸில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் தேவை. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம் போன்றவை. அவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். ஒன்ராறியோச் சான்றிதழுக்கு வேண்டிய 30 கிரெடிட்டுகளை எப்படியோ சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிற குடும்பங்கள் இங்கேதான் தவறுகின்றன. ஒரு பையனை மறக்க முடியாது. பதினோராம் வகுப்பில் வெளியூர் போனவன். வியாழன், வெள்ளி எல்லாம் பஸ்ஸில். கணிதத்தில் பின்தங்கியதும் அங்கே யாரோ நல்லெண்ணத்தோடு அவனை இலகுவான பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புள்ளி 85 வந்தது, வீட்டில் மகிழ்ந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கடைசியில் என் முன்னால் காகிதத்தை வைத்தபோது, அந்தப் பாடம் அவன் விரும்பிய எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மீண்டும் எடுத்து முடித்தான், நன்றாகவே முடித்தான், ஆனால் ஓர் ஆண்டு போயிற்று.

ஆகவே போனாலும் போகாவிட்டாலும், பதினோராம் வகுப்புக் கணிதமும் ஆங்கிலமும் பல்கலைக்கழகப் பிரிவில் இருக்கட்டும். உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு பாடமும் மாற்றப்படக் கூடாது என்று பள்ளிக்கும் அணிக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அணிக்கும் கல்விக்குப் பொறுப்பான ஒருவர் இருப்பார். பயிற்றுநரைச் சந்திக்கும் முன் அவரைச் சந்தியுங்கள். பருவத்தில் 68 ஆட்டங்கள். வடக்கு அணிகளுக்குத் தூரம் கொடுமையானது. ஸூ செயின்ட் மரியிலிருந்து ரொறன்ரோ மட்டும் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். பஸ்ஸில் எத்தனை பிள்ளைகள் புத்தகம் திறக்கிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்பவரா என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

உதவித்தொகை பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். அடிப்படை இதுதான்: ஒரு பருவம் ஆடினால் ஓர் ஆண்டுப் பல்கலைக்கழகக் கட்டணமும் புத்தகச் செலவும். அதற்குமேல் தங்குமிடம், உணவு சேருமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆடி முடித்து எவ்வளவு காலத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், அணி அவனை இடையில் விட்டுவிட்டாலோ வேறு அணிக்குக் கைமாற்றினாலோ என்ன, தொழில்முறை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டால் என்ன, இந்த மூன்றுக்கும் பதில் காகிதத்தில் இருக்கவேண்டும். வாய்ச்சொல் வேண்டாம். குடும்ப ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் நீட்டும் எதிலும் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம்.

இனி, அன்றிரவு சாப்பிடாமல் படுத்த விடயம்.

அந்தக் கேள்விகள் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கப்படுகின்றன. உயரத்தைக் கேட்பது இன்னும் எவ்வளவு வளர்வான் என்று கணிக்க. தொழிலையும் வீட்டையும் கேட்பது, இந்தப் பிள்ளைக்கு ஆட்டம் சரியில்லாத நாளில் பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள் என்று அறிய. ஹொக்கி வீட்டில் பிறந்தவனுக்குச் சில வசதிகள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த முகாமுக்குப் போகவேண்டும், யாரிடம் பேசவேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் அதையெல்லாம் அரீனா வாகனத் தரிப்பிடத்தில் மற்றப் பெற்றோரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றிருப்பீர்கள். அதற்கு மேல் அதில் ஒரு மந்திரமும் இல்லை.

என்.எச்.எல். இல் ஆடிய பி.கே. சுபனின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அப்பா கார்ல் சுபன் ஜமைக்காவில் பிறந்து, 1970இல் பன்னிரண்டு வயதில் சட்பரிக்கு வந்தவர். பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். பின்னாளில் ரொறன்ரோவில் பள்ளி அதிபர். அம்மா மரியா, மொன்ற்செராற் தீவுக்காரர். பகலில் ஒரு வேலை, மாலையில் இன்னொரு வேலை என்று ஓடிய காலத்தில், இரவு வீடு திரும்பியதும் சின்ன மகனை அழைத்துக்கொண்டு நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்து ஐஸுக்குப் போவாராம் கார்ல். அங்கே காசு கட்டத் தேவையில்லை. அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது. அந்தப் பிள்ளையை 2005இல் ஓ.எச்.எல். இன் பெல்வில் அணி தெரிவு செய்தது. எந்தச் சுற்றில் தெரியுமா? ஆறாம் சுற்று, 105ஆவது பெயர். இரண்டு ஆண்டு கழித்து என்.எச்.எல். ட்ராஃப்டில் மொன்றியல் அணி அவரை இரண்டாம் சுற்றில், 43ஆவதாக எடுத்தது. 2013இல் என்.எச்.எல். இன் மிகச் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நொரிஸ் கோப்பை. உங்கள் மகனுடைய இடம்தான், உங்கள் மகனுடைய சுற்றுதான். தம்பிமார் மல்கமும் ஜோர்டனும் பிறகு அதே பெல்வில் அணியில் ஆடினார்கள்.

இதைச் சொல்வதால் உங்கள் பிள்ளையும் அங்கே போய்ச் சேருவான் என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுவதிலுமிருந்தும் என்.எச்.எல். ஆண்டுக்கு எடுப்பது 224 பேரை. அதிலும் பலர் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை. ஆனால் வரிசை ஒன்றும் கல்லில் எழுதியது இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரேயில் வளர்ந்த பஞ்சாபிப் பிள்ளை அர்ஷ்தீப் பெயின்ஸை என்.எச்.எல். ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ரெட் டியர் அணியில் ஜூனியர் ஹொக்கியின் கடைசி ஆண்டு வரை நின்று, 2021-22 பருவத்தில் 112 புள்ளிகளோடு மேற்குக் கனடாவின் ஜூனியர் லீக் முழுவதிலும் முதலாவதாக வந்தார். அந்தப் பருவத்தில்தான் என்.எச்.எல். அணியான வன்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது.

இன்னொன்று. அவன் "ஒருவரும் இல்லை" என்று சொன்னது சரியான பதிலே இல்லையே! வீட்டில் ஒரு கரப்பந்தாட்ட வீரர் இருக்கிறார். எழும்பிக் குதித்து அடிக்கத் தெரிந்த கால், பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்க்கும் கண், ஆறு பேராக நின்று ஆடிய பழக்கம், எல்லாம் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. இடப்பெயர்வோடு பந்து நின்றுபோனது உங்கள் கணவரின் பிழை இல்லை. நம்மில் எத்தனையோ அப்பாமார் அந்தக் கதையை மடித்து வைத்துவிட்டார்கள். பிள்ளைகளும், அப்பா பிறந்ததே இரவு வேலைக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த மைதானம், எந்த இடத்தில் நின்று ஆடினார், யாரிடம் தோற்றார்கள் என்று அவர் வாயால் சொல்லட்டும். அடுத்த நேர்முகத்தில் அவனிடம் பதில் இருக்கும்.

பில்லெட் வீடு, அதாவது வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரரை அணிக்காகத் தங்கவைத்துப் பார்க்கும் குடும்பத்தின் வீடு, பற்றிப் பயப்படுகிறீர்கள். நியாயம்தான். செப்டம்பரில் அவனுக்கு இன்னும் பதினைந்து வயது. பெரும்பாலான பில்லெட் குடும்பங்கள் நல்ல மனிதர்கள். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்கள். ஆனால் நல்லவர்கள் என்று கேள்விப்பட்டது போதாது. இருவரும் போய் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். தனி அறையா, பனிக்காலத்தில் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பது என்று கேளுங்கள். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் அவனே செய்யப் பழகியிருக்கட்டும். வீட்டு நினைவு வரும் இரவில் அது பெரிய துணை.

வீட்டைவிட நான் கூடுதலாக விசாரிப்பது உடைமாற்றும் அறையையும் பஸ்ஸையும். 2005இல் ஓ.எச்.எல். இன் வின்ட்சர் அணியில் நடந்தது ஊரறிந்த விடயம். நைஜீரியாவில் பிறந்து ரொறன்ரோவுக்கு வந்த அகீம் அலியுவுக்கு அப்போது 16 வயது. புதியவர்களை அவமானப்படுத்தும் சடங்குக்கு இணங்க மறுத்தார். பிறகு பயிற்சியில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் அவருடைய வாயில் ஹொக்கிக் கட்டையால் அடித்தார். பயிற்றுநர் இடைநிறுத்தப்பட்டார், அணிக்கு அபராதம் விழுந்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆகவேண்டும். புதியவர்கள் வந்த முதல் வாரம் இங்கே எப்படி இருக்கும்? நிறத்தைச் சொல்லி ஒருவன் ஏசினால் அன்றைக்கே என்ன நடக்கும்? யாரிடம் முறையிடுவது, அவர் பயிற்றுநருக்குக் கீழே வேலை செய்பவரா? இரண்டாம் ஆண்டு ஆடும் பிள்ளை ஒருவனின் பெற்றோரோடு தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

தலையில் அடிபட்டால் மறைக்க மாட்டான் என்ற வாக்குறுதியையும் அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை, முந்தைய அடி ஆறுமுன் மறுபடி ரக்பி ஆடி 2013இல் இறந்த பிறகுதான் 2018இல் ஒன்ராறியோவில் அவர் பெயரால் சட்டம் வந்தது. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். ஆனால் இடத்தை இழந்துவிடுவோம் என்று பயந்து, தலையிடி இல்லை என்று சொல்லும் பிள்ளையைச் சட்டம் மட்டும் காப்பாற்றாது.

கடைசியாக, நீங்கள் கடைசியில் எழுதிய வரி. பத்து வருடமாக இரண்டு பேருடைய உழைப்பும் இதில் போயிருக்கிறது என்கிறீர்கள். விடிகாலை ஐந்தரைக்கு அரீனாவில் கை விறைக்க ஸ்கேட் கயிறு இறுக்கியதும், இரவு வேலை முடித்துக் கண் எரிய எரிய அவர் அங்கே நின்றதும் எனக்குத் தெரியாதவை இல்லை. ஆனால் சகோதரி, அந்தக் கணக்கு உங்கள் மகனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நான் பார்த்த நம்முடைய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் பிடிக்காமல் போய் இரண்டு ஆண்டு ஆகியும் ஆடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என்னிடம் சொன்னான்: "நான் நிறுத்தினால், அப்பா ஓட்டிய அத்தனை இரவுக்கும் என்ன பதில் சொல்வது?" அவனுடைய அப்பாவை அழைத்து அதைச் சொன்னபோது, அவர் அந்த இரவுகளை ஒருநாளும் கடனாக நினைத்ததே இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதை மகனிடம் அவர் சொன்னதும் இல்லை.

உங்கள் கணவர் சொல்லட்டும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது வேண்டாம். பயிற்சி முடிந்து வரும் காரில், இருவரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "நீ போனாலும் சரி, ஓர் ஆண்டு பொறுத்துப் போனாலும் சரி, இனி வேண்டாம் என்றாலும் சரி. கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பித் தர ஒன்றும் இல்லை." சொல்லிவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை வானொலியையும் போடாமல் ஓட்டட்டும். உடனே பதில் வராது. ஒரு கிழமை ஆகலாம். வரும் பதில் எதுவானாலும் அது அவனுடையதாக இருக்கும், நீங்கள் அதன் பக்கத்தில் நிற்கலாம்.

என் எண்ணத்தைக் கேட்டால், இந்தப் பருவம் வீட்டிலிருந்தே ஆடிவிட்டு அடுத்த ஆண்டு போவதுதான் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. வயதும், கணிதமும், அந்தக் கூடுதல் ஆண்டும் அப்படித்தான் சொல்கின்றன. முகாமில் அவர்கள் அவனை உடனே வேண்டும் என்று பிடித்துக்கொண்டால், அவனும் கண் மலர்ந்து வந்தால், அப்போது மறுபடி பேசுவோம்.

இதற்கிடையில் அவனுடைய பத்தாம் வகுப்புப் புள்ளி விபரத்தையும் பதினோராம் வகுப்புக்குத் தெரிவு செய்திருக்கும் பாடங்களின் பட்டியலையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பாடக் குறியீடுகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குமுன் மாற்ற வேண்டியது ஏதும் இருந்தால் மாற்றிவிடலாம்.